ஆட்டிசமோ என்ற சந்தேகம்: ஒரு வயதிலேயே, சான்றிதழ் இல்லாமலே கிடைக்கும் அரசு உதவி

பத்து மாதக் குழந்தை பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. டாட்டா காட்டுவதில்லை. முகம் பார்த்துச் சிரிப்பதும் குறைந்துகொண்டே வருகிறது. வீட்டில் இதைச் சொன்னால் பெரியவர்களிடம் பதில் தயாராக இருக்கும்: "ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசுவான். அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்." சில மருத்துவர்களும் "இரண்டு வயதாகட்டும், பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவதுண்டு. ஆனால், இப்படிக் காத்திருக்க வேண்டும் என்று எந்த அரசு விதியும் சொல்லவில்லை. ஆட்டிசம் என்று யாரும் உறுதி செய்யாத நிலையிலும், கையில் எந்தச் சான்றிதழும் இல்லாத நிலையிலும், குழந்தையைப் பரிசோதித்துப் பயிற்சியைத் தொடங்க அரசுத் திட்டத்தில் இடம் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

திட்டத்தின் பெயர் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம். வாயில் நுழையாத பெயர் என்பதால் ஊழியர்கள் ஆர்.பி.எஸ்.கே. என்றே சொல்வார்கள். 2013இல் மத்திய அரசு தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் தொடங்கியது. மாநில சுகாதாரத் துறை நடத்துகிறது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை, சுமார் 30 வகைக் குறைபாடுகளையும் நோய்களையும் ஆரம்பத்திலேயே கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சை அளிப்பது இதன் வேலை. பிறவிக் குறைபாடுகள், ஊட்டச்சத்துக் குறைபாடுகள், குழந்தைப் பருவ நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என்று அவற்றை நான்கு பிரிவாக்கியிருக்கிறார்கள். ஆட்டிசமும் பேச்சுத் தாமதமும் கடைசிப் பிரிவில் வருகின்றன.

நடமாடும் மருத்துவக் குழு ஒன்று ஆண்டுக்கு இரண்டு முறை ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் வர வேண்டும் என்பது திட்டத்தின் ஏற்பாடு. ஆறு வார வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை அப்போது பார்ப்பார்கள். நடைமுறையில், மடியில் இருக்கும் குழந்தையை அங்கன்வாடிக்கு யாரும் தூக்கிச் செல்வதில்லை. இணை உணவு மாவு வாங்கப் போவதோடு சரி. அதனால் குழு வரும் தேதியை அங்கன்வாடிப் பணியாளரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொண்டு, அன்று குழந்தையோடு போங்கள்.

அதுவரை காத்திருக்கவும் அவசியமில்லை. ஒன்பது மாதத் தடுப்பூசி நாளும், 16 மாதத்துக்கு மேல் போடும் பூஸ்டர் நாளும் இந்தப் பேச்சை எடுக்கத் தோதான நாட்கள். தாய் சேய் நல அட்டையில் எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்று படம் போட்டிருப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பக்கத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதைத் திறந்து கிராம சுகாதார செவிலியரிடம் காட்டி, "இதை இன்னும் செய்யவில்லை, டி.இ.ஐ.சி. என்ற மாவட்ட மையத்துக்குப் பரிந்துரை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். நகரமென்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். (அந்த ஒன்பது மாத ஊசியால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். பல நாடுகளில், லட்சக்கணக்கான குழந்தைகளிடம் ஆராய்ந்து பொய்யென்று நிரூபித்த கதை அது.)

டி.இ.ஐ.சி. என்பது மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். உங்கள் மாவட்டத்தில் எங்கே என்று 104 எண்ணில் கேட்கலாம். குழந்தை நல மருத்துவர், பேச்சு மற்றும் செவித்திறன் நிபுணர், உளவியலாளர், இயன்முறை சிகிச்சையாளர், சிறப்பாசிரியர் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் மையத்தின் அமைப்பு. எல்லா மையத்திலும் எல்லா நாளும் எல்லோரும் இருப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். காலியிடங்கள் உண்டு, வரிசையும் உண்டு. பேச்சுப் பயிற்சியாளர் எந்தக் கிழமை வருவார் என்று விசாரித்துவிட்டுப் புறப்பட்டால் ஒரு நாள் கூலி மிச்சம்.

போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் சுருக்கத்தை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். குறை மாதப் பிறப்பா, எடை எவ்வளவு, பிறந்தவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட வீட்டில் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. செல்போனில் குழந்தை வழக்கம்போல் விளையாடும் காட்சியைச் சில நிமிடம் பதிவு செய்து கொண்டுபோவதும் நல்லது. புது இடத்தில் அழும் குழந்தையைப் பார்த்து மருத்துவரால் என்ன முடிவுக்கு வர முடியும்?

மையத்தில் முதலில் காதைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அழைத்தால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்காமலும் இருக்கலாம். அதற்கான வழி வேறு. பிறகு வளர்ச்சி மதிப்பீடு நடக்கும். ஒரு வயதில் பெரும்பாலும் "ஆட்டிசம்" என்று எழுத மாட்டார்கள், "வளர்ச்சித் தாமதம்" அல்லது "கண்காணிப்பு தேவை" என்றுதான் எழுதுவார்கள். பயிற்சி தொடங்க அதுவே போதும்.

சரி, ஒரு வயதுக் குழந்தைக்கு என்ன பயிற்சி கொடுத்துவிட முடியும்? பயிற்சி பெரும்பாலும் உங்களுக்குத்தான். வாரத்தில் முக்கால் மணி நேரம் மையத்தில் நடப்பதைவிட, மற்ற நேரமெல்லாம் வீட்டில் நடப்பது அதிகம் என்பது எளிய கணக்கு. ஓர் உதாரணம். குழந்தை தரையில் உட்கார்ந்து டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. நாம் வழக்கமாக மூடியைப் பிடுங்கிவிட்டு, பொம்மையை முகத்துக்கு நேரே ஆட்டி, "இங்கே பார், இங்கே பார்" என்போம். பயிற்சியில் சொல்லித் தருவது இதற்கு நேர்மாறு. குழந்தையின் முகம் தெரியும்படி எதிரே தரையில் உட்காருங்கள். இன்னொரு மூடியை எடுத்து நீங்களும் சுழற்றுங்கள். பேசாமல் சில விநாடி பொறுங்கள். குழந்தை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தால், அல்லது ஏதாவது ஒலி எழுப்பினால், அதை உங்களோடு பேசியதாகவே எடுத்துக்கொண்டு அதே ஒலியைத் திருப்பிச் சொல்லுங்கள். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் இதைத்தான் செய்யப்போகிறீர்கள். பொறுத்திருக்கும் அந்தச் சில விநாடிதான் பெற்றோருக்கு மிகக் கடினமாக இருக்கும்.

இதற்குப் பலன் உண்டா என்று ஆஸ்திரேலியாவின் பெர்த், மெல்போர்ன் நகரங்களில் சோதித்தார்கள். ஆட்டிசத்தின் தொடக்க அறிகுறிகள் தெரிந்த, ஒரு வயதையொட்டிய குழந்தைகள் அவர்கள். பெற்றோர் குழந்தையோடு பழகுவதை வீடியோ எடுத்து, அதைப் பயிற்சியாளரும் பெற்றோரும் சேர்ந்து பார்த்துப் பேசுவார்கள். ஐந்து மாதத்தில் பத்து அமர்வுகள். 2021இல் வெளியான முடிவின்படி, மூன்று வயதில் ஆட்டிசம் என்று உறுதியானது பயிற்சி பெற்ற 45 பேரில் 3 பேருக்கு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 44 பேரில் 9 பேருக்கு. சிறிய ஆய்வு. ஆட்டிசம் "குணமானது" என்றும் இதற்குப் பொருள் இல்லை. பல குழந்தைகளுக்கு உதவி தொடர்ந்து தேவைப்படும். நமக்கு அருகிலும் இப்படி ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நிபுணர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்குப் பயிற்சி தந்தார்கள். குழந்தைகள் இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள். அவர்கள் தாமாகப் பெற்றோரோடு தொடர்புகொள்வது கூடியது என்று 2016இல் அந்த ஆய்வு வெளியானது. நிபுணர் பற்றாக்குறை உள்ள மாவட்டங்களுக்கு எனக்கு இதுதான் முக்கியமான செய்தியாகப் படுகிறது.

மையம் தொலைவென்றால், வீட்டில் செய்ய வேண்டியதை எழுதி வாங்கிக்கொண்டு மாதம் ஒரு முறை போய்க் காட்டலாமா என்று கேளுங்கள். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024இல் வெளியிட்ட நவ்சேதனா வழிகாட்டியில், மூன்று வயது வரையான குழந்தைகளுக்கு 140 செயல்பாடுகள் மாதவாரியாக உள்ளன. அது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது. அங்கன்வாடியில் கேட்டுப் பார்க்கலாம். சென்னை சுற்றுவட்டாரத்தினருக்கு, முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் 2021இல் தொடங்கிய ஆரம்பநிலை இடையீட்டு மையமும் ஒரு வழி.

சான்றிதழ் பற்றிய பேச்சு பிறகுதான் வரும். ஆட்டிசம் உறுதியானால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் அதுவும் ஒன்று. மாற்றுத்திறனாளி சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெறலாம். அவை இருந்தால் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையான அந்தக் காப்பீட்டில் பயிற்சிச் செலவுக்கும் இடம் உண்டு. ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று லட்சங்களில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை.

முதல் மதிப்பீட்டில் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டாலும் 18 மாதத்திலும் 24 மாதத்திலும் மறுபடி காட்டுங்கள். ஒரு வயதில் சரியாக இருந்து, பேசிய சில சொற்களைப் பிறகு இழக்கும் குழந்தைகளும் உண்டு. பழைய ஓ.பி. சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். முந்தைய மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவர் அதைத்தான் கேட்பார்.