எடுவாப்டுமும்க் – இருகண் பார்வை

கனடாவின் கிழக்குக் கரையில் வாழும் மிக்மாக் பூர்வகுடிகளின் சொல் ‘எடுவாப்டுமும்க்’. ஆங்கிலத்தில் ‘டூ ஐட் சீயிங்’ என்று புழங்குகிறது. பூர்வகுடி அறிவின் வலிமையை ஒரு கண்ணாலும் மேற்கத்திய அறிவியலின் வலிமையை மறு கண்ணாலும் பார்த்து, இரு கண்ணையும் எல்லோருடைய நன்மைக்காகவும் சேர்த்துப் பயன்படுத்துவது என்று பொருள்.

நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் உள்ள கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிக்க மிக்மாக் பிள்ளைகள் வருவது அரிதாக இருந்தது. அந்தக் குறையைப் போக்க, உயிரியலாளர் செரில் பார்ட்லெட்டும் எஸ்கசோனி ஊரின் மூத்தோர்களான முர்டீனா மார்ஷல், ஆல்பர்ட் மார்ஷல் தம்பதியும் சேர்ந்து ஒரு பட்டப்படிப்பைக் கொண்டுவந்தார்கள். இந்தச் சொல்லை 2004இல் முன்வைத்தவர் ஆல்பர்ட் மார்ஷல்.

இவர்கள் கையில் எடுத்த கதைகளில் ஒன்று முயின் என்ற கரடியின் கதை. நம் சப்தரிஷி மண்டலத்தில் கட்டம்போல் நிற்கும் நான்கு விண்மீன்கள்தான் கரடி. அதைத் துரத்துபவர்கள் ஏழு பறவை வேடர்கள். இலையுதிர் காலத்தில் பின்னால் வரும் நால்வர் வழி தவறிவிட, மிஞ்சிய மூவரில் முன்னால் செல்பவர் கரடியை வீழ்த்துகிறார். அதன் இரத்தம் தெறித்துத்தான் மரத்து இலைகள் சிவக்கின்றனவாம். சரி, அந்த நால்வர் மட்டும் ஏன் காணாமல் போனார்கள்? அவர்கள் வானின் வடதுருவத்திலிருந்து தள்ளி நிற்கும் விண்மீன்கள். இலையுதிர்கால இரவில் தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிடுகின்றன. கரடியும் மூன்று வேடர்களும் துருவத்தை ஒட்டிச் சுற்றுவதால் அந்த ஊர் வானத்தில் மறைவதே இல்லை. பாட்டி சொன்ன கதையிலேயே பாதிப் பாடம் இருக்கிறது என்று தெரிந்தால் எந்தப் பிள்ளைதான் நிமிர்ந்து உட்காராது? மூவரில் நடுவில் வரும் சின்னஞ்சிறு பறவை கறி சமைக்கப் பானை தூக்கி வருகிறது. மங்கலான அந்தப் பானைதான் நாம் கல்யாணத்தில் பெண்ணுக்குக் காட்டும் அருந்ததி.

இந்தச் சொல்லைத் தமிழில் ‘இரட்டைப் பார்வை’ என்று எழுதக்கூடாது. அது ஒரு பொருள் இரண்டாகத் தெரியும் கண் கோளாறு. ‘ஒருங்கிணைந்த அறிவியல்’ என்பதும் சரிவராது. ஒன்றை மற்றொன்றில் கரைத்துவிடுவது மார்ஷலின் நோக்கமே அல்ல. ‘ஈர்விழி நோக்கு’ அழகாக ஒலித்தாலும் இலக்கணப்படி பிழை. ஈர் என்பது உயிரெழுத்துக்கு முன்தான் வரும். எண்ணையும் எழுத்தையும் இரு கண் என்று சொல்லிப் பழகிய மொழிக்கு ‘இருகண் பார்வை’ இயல்பாகப் பொருந்துகிறது. அதுவே என் தேர்வு. முதல் முறை எழுதும்போது மிக்மாக் சொல்லையும் பக்கத்தில் போடுவது மரியாதை.

அப்புறம், பாடப்புத்தக ஓரத்தில் ஒரு நாட்டுப்புறக் கதையைப் பெட்டிச் செய்தியாகப் போட்டுவிட்டு இந்தப் பெயரை வைக்க முடியாது. அறிவியல் ஆசிரியரோடு ஊர்ப் பெரியவரும் வகுப்பில் நின்று கற்பித்தால்தான் இந்தச் சொல் பொருந்தும்.