மண் லாரி வருவதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள்

தாழ்வான நிலத்தில் லாரி லாரியாக மண் கொட்டத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலும் மக்கள் எங்களைத் தேடி வருகிறார்கள். அதற்குள் நில வகைப்பாடு, தடையின்மைச் சான்று, திட்ட அனுமதி என்று அத்தனை தாளிலும் கையெழுத்தாகியிருக்கும். நகரமைப்புத் துறையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஈரநிலத்துக்காகச் சண்டை போட வேண்டிய இடம் நிலப்பயன்பாட்டு வரைபடம்.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தையே எடுத்துக்கொள்வோம். தென்சென்னையின் பல ஏரிகளில் நிரம்பி வழியும் நீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. ஆவணத்தில் புறம்போக்கு என்றிருந்ததால் சும்மா கிடக்கும் நிலமாகவே இதை நெடுங்காலம் நடத்தினோம். பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, அரசு நிறுவனங்கள், துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலை எல்லாம் அப்படித்தான் வந்தன. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022இல் 1,247 ஹெக்டேருக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் சதுப்பைச் சுற்றிக் கோடு போட்டோமே தவிர, அதற்குத் தண்ணீர் வரும் வழியையும் வடியும் வழியையும் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டோம்.

அந்த வெளிப்பகுதியில் என்ன நடக்கிறது? ஏரிக்கும் சதுப்புக்கும் நடுவில் பட்டா உள்ள பழைய நன்செய் நிலம் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். வீட்டுமனைக்கு அனுமதி கேட்டால், வெள்ள அபாயம் குறித்து நீர்வளத் துறையின் சான்று வேண்டும். அந்தச் சான்று பல நேரங்களில் ஒரு நிபந்தனையோடு வரும்: வெள்ள மட்டத்துக்கு மேல் நிலத்தை உயர்த்திக்கொள்ள வேண்டும். மனை வாங்குகிறவருக்கு அது பாதுகாப்பு. ஆனால் 1 ஹெக்டேரை 1 மீட்டர் உயர்த்தினால் அங்கே நிற்க வேண்டிய 1 கோடி லிட்டர் நீருக்கு இடமில்லாமல் போகிறது. பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரிகள் ஆயிரம் கொள்ளும் தண்ணீர் அது. பக்கத்துத் தெருவுக்குத்தான் அது போகும். அந்தத் தெருக்காரர் அடுத்த மழைக்கு முன் தன் வாசலை உயர்த்துவார். ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகப் பார்த்தால் விதிப்படி சரி. மொத்தக் கணக்கைப் போடும் பொறுப்பு மட்டும் எந்த மேசையிலும் இல்லை. 2015இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி வாசிகள் வீட்டுக்குள் பார்த்தது அந்த மொத்தக் கணக்கைத்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், வெள்ள மட்டக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்கின்றன. ஈரநிலத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதியையும் வரையறுக்கச் சொல்கின்றன. அந்த வரையறை முடியும் வரை ராம்சர் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அனுமதி தரக் கூடாது என்று 2025இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நீதிமன்றம் வரை போக வேண்டிய விஷயமே இல்லை இது. அந்தச் சுற்றுப்பகுதி புல எண் (சர்வே எண்) வாரியாக நகரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) ஏறிவிட்டால், மனு வாங்கும் அலுவலரே முதல் நாளில் பதில் சொல்லிவிடலாம்.

பட்டா வைத்திருக்கும் சிறு உரிமையாளரை மறந்துவிட்டு இதைப் பேசுவது நியாயமில்லை. சாலை விரிவாக்கத்துக்கு நிலம் தருபவர், அதற்கு ஈடான கட்டுமான உரிமையை வேறு இடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ நம் மாநில விதிகளில் வழி இருக்கிறது. வெள்ளம் தேங்கும் நிலத்தை அப்படியே விட்டுவைப்பவருக்கும் அதே உரிமை கிடைக்க வேண்டும். இழப்பை அவர் தலையில் மட்டும் கட்டினால் எந்தத் தடையும் நிலைக்காது.

சென்னைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் 2027 முதல் 2046 வரைக்கானது. உங்கள் பகுதியின் புலப்படத்தையும், ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் அ-பதிவேட்டையும் தமிழக அரசின் இணையச் சேவையில் எடுக்கலாம். வாய்க்கால், ஏரி, கழுவெளி (சதுப்பு) என்று பதிவான புல எண்களைக் குறித்துக்கொண்டு, திட்ட வரைபடத்தில் அவை என்ன வகைப்பாட்டில் இருக்கின்றன என்று ஒப்பிடுங்கள். நில வகைமாற்ற அறிவிப்பு நாளிதழில் வந்தால், "ஏரியைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். புல எண், பழைய பதிவு, எந்த மழையில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, தேதியுடன் கூடிய புகைப்படம் ஆகியவற்றை இணைத்து, குறிப்பிட்ட கெடுவுக்குள் ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.