குதிரை செத்தால் யார் தருவது? சிலுவைப் போர்க்கால ஜெருசலேமின் உயர் பதவிகள்

கான்ஸ்டபிள் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர் காவல் நிலைய வாசலில் நிற்பவர். 12ஆம் நூற்றாண்டு ஜெருசலேம் அரசிலோ, மன்னருக்கு அடுத்தபடியாகப் படையை நடத்தியவர் அவர்தான். சொல்லின் லத்தீன் வேருக்கு 'லாயத்து அதிகாரி' என்று பொருள். அவருக்குக் கீழே இருந்த மார்ஷலின் பெயரும் லாயத்திலிருந்து வந்ததே. பழைய ஜெர்மானிய மொழியில் அது 'குதிரைக்காரன்'.

1099இல் ஜெருசலேமைப் பிடித்த சிலுவைப் போர் வீரர்கள் பிரெஞ்சு அரண்மனைப் பதவிகளைப் பெயர் மாற்றாமல் கொண்டுவந்தார்கள்: செனஷல் (அரண்மனை மேலாளர்), கான்ஸ்டபிள், மார்ஷல், சேம்பர்லேன், பட்லர், சான்சலர். பெயர்கள் பழையவை என்றாலும் யாருக்கு எவ்வளவு செல்வாக்கு என்பது புதிய மண்ணில் மாறிப்போனது. பட்லர் பெரும்பாலும் விருந்து நாளில்தான் தென்பட்டார். சேம்பர்லேன் மன்னரின் அந்தரங்க அறைக்கும், பிரபுக்கள் விசுவாச உறுதி எடுக்கும் சடங்குக்கும் பொறுப்பு. சான்சலர் எப்போதும் திருச்சபைக்காரர். பட்டயங்களை எழுதி முத்திரையிடுவது அவர் அலுவலகம். 1174இல் அந்தப் பொறுப்பை ஏற்ற வில்லியம், மறு ஆண்டு டயர் நகரப் பேராயரும் ஆனார். இந்த அரசைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவர் எழுதிவைத்த வரலாற்றிலிருந்து கிடைத்ததுதான்.

கனம் முழுவதும் கான்ஸ்டபிள், மார்ஷல் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் கணக்கு. ஜாஃபாவின் கோமான் ஜான் 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த சட்ட நூலில், சுல்தான் சலாகுதீன் ஜெருசலேமைப் பிடித்த 1187க்கு முந்தைய நாட்டின் படைக் கடமைப் பட்டியல் இருக்கிறது. மன்னருக்குக் கடமைப்பட்ட நைட்டுகள் (குதிரையேறிப் போரிடும் கவச வீரர்கள்) ஏறக்குறைய 675 பேர். நகரங்களும் திருச்சபைகளும் அனுப்ப வேண்டிய சார்ஜென்டுகள் (நைட்டுக்குக் கீழ்நிலைப் போர்வீரர்கள்) 5,000க்குச் சற்று மேல். மேற்கு ஐரோப்பாவில் 40 நாள் சேவை என்பது பரவலான வழக்கம். இங்கே ஓராண்டு வரை கேட்கலாம். அவ்வளவு நாள் களத்தில் நிற்பவனுக்கு முதலில் போவது குதிரைதான்; எதிரே இருந்த துருக்கிய வில்லாளிகள் கவசமணிந்த ஆளை விட்டுவிட்டு அவன் ஏறியிருந்த மிருகத்தைக் குறிவைத்தார்கள். குதிரை போனால் நைட் வெறும் காலாள்.

இதற்கு அவர்கள் கண்ட ஏற்பாட்டின் பெயர் 'ரெஸ்டோர்'. நம் பேச்சில் சொன்னால் குதிரைக் காப்பீடு. சேவைக்கு வரும் நைட் தன் குதிரையை மார்ஷலிடம் காட்ட வேண்டும். அவர் பார்த்துத் தேறியது என்று பதிவு செய்வார். பதிவான குதிரை சேவையில் செத்தாலோ முடமானாலோ மன்னர் ஈடுகட்ட வேண்டும். காயம்பட்டதை மார்ஷலிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பதிவு செய்யாத குதிரைக்கு ஈடு கிடையாது. இந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் கிழட்டுக் குதிரையோடு வந்து வாலிபக் குதிரையோடு திரும்ப யாருக்குத்தான் ஆசை வராது?

ஒழுங்கு காப்பது கான்ஸ்டபிளின் வேலை. கட்டளை மீறும் சார்ஜென்டை அவர் தடியால் அடிக்கலாம். மன்னரின் நேரடி விசுவாசியான நைட்டின் மீது கைவைக்க முடியாது. அவர் ஏறியிருக்கும் குதிரையை அடிக்கலாம். படிநிலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பணம் செனஷலிடம். 'செக்ரெட்' எனப்பட்ட கருவூலம் அவர் மேற்பார்வையில் இயங்கியது. பல நைட்டுகளுக்கு நிலத்துக்குப் பதிலாக ஆக்ரா (Acre; இந்திய ஆக்ரா அல்ல, மத்தியதரைக் கடலோர நகரம்) போன்ற துறைமுகங்களின் சுங்க வருவாயிலிருந்து பணமாகவே மானியம் போனதால், இந்தக் கருவூலம் தடுமாறினால் படையும் தடுமாறும். செனஷல் கோட்டைகளைச் சோதிக்கலாம், காவல் வீரர்களை இடம் மாற்றலாம். ஆனால் மன்னர் அமர்த்திய கோட்டைத் தலைவரை மாற்ற முடியாது.

1183இல் சலாகுதீனின் நெருக்குதலில் நாடு முழுவதும் ஒரு வரி விதித்தார்கள். சொத்துக்கு நூறு பெசன்டுக்கு (அக்காலத் தங்க நாணயம்) ஒன்று, வருமானத்துக்கு நூற்றுக்கு இரண்டு. ஏழைகளுக்கு அடுப்புக்கு, அதாவது வீட்டுக்கு, ஒரு பெசன்ட். அதுவும் முடியாதவர்களுக்கு அதற்கும் குறைவு. ஹைஃபாவுக்குத் தெற்கே திரட்டியது ஜெருசலேமுக்கு, வடக்கே திரட்டியது ஆக்ராவுக்கு. ஆக்ராவில் ஒரு பெட்டி, மூன்று பூட்டு, மூன்று சாவி: ஒன்று டயர் பேராயரிடம், ஒன்று செனஷல் ஜோஸ்லினிடம், ஒன்று நகரப் பிரதிநிதிகளிடம். மூவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். பணத்தை நாட்டுப் பாதுகாப்புக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஜோஸ்லின் மன்னருக்கே தாய்மாமன். இருந்தும் தனியாகத் திறக்கும் உரிமை தரவில்லை.

இத்தனை ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை இருந்தது. மன்னர் இல்லாதபோது பிரபுக்கள் கூடும் உயர் நீதிமன்றத்தில் தலைமை வகிக்கும் உரிமை செனஷலுக்கு. ஆனால் படை அவருடையதல்ல. மன்னர் சிறுவனாகவோ நோயாளியாகவோ இருந்தால் 'பெய்லி' என்ற ஆட்சிப் பொறுப்பாளர் வேண்டும். அவர் யார் என்பதில்தான் சண்டை மூளும். 1174இல் மன்னர் அமால்ரிக் இறந்தபோது மகன் நான்காம் பால்ட்வினுக்கு 13 வயது, தொழுநோய் வேறு. செனஷல் மைல்ஸ் நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். நெருங்கிய உறவு என்ற முறையில் லெபனான் கரையிலிருந்த திரிப்போலியின் கோமான் மூன்றாம் ரேமண்ட் பெய்லி பதவியைக் கேட்டார். சில மாதங்களில் மைல்ஸ் ஆக்ராவில் குத்திக் கொல்லப்பட்டார். ரேமண்ட் பெய்லி ஆனார்.

1291இல் ஆக்ரா விழுந்ததும் நிலம் போயிற்று, பதவிகள் போகவில்லை. சைப்ரஸ் மன்னர்கள் ஜெருசலேம் மன்னர்களாகவும் ஃபமகுஸ்டாவில் முடிசூடிக்கொண்டு, தங்கள் பிரபுக்களுக்கு ஜெருசலேமின் செனஷல், கான்ஸ்டபிள், மார்ஷல் பட்டங்களை வழங்கிக்கொண்டே இருந்தார்கள்.