ஊடுபாலா, இடைப்பாலினமா?

ஆங்கிலத்தில் ‘இன்டர்செக்ஸ்’ என்று வரும் இடத்தில் சிலர் யோசிக்காமல் தமிழில் ‘திருநங்கை’ என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு. திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பதைச் சொல்பவை. இன்டர்செக்ஸ் என்பது பிறவியில் உடல் அமைந்த விதம். குரோமோசோம், ஹார்மோன், உறுப்பு இவற்றில் ஏதோ ஒன்று ஆண், பெண் என்ற வழக்கமான அச்சுக்குள் அடங்காமல் இருப்பது.

பிறந்த அன்றே தெரிந்துவிடும் என்றும் இல்லை. பதினாறு வயதாகியும் மகள் பெரியவளாகவில்லையே என்று அம்மா டாக்டரிடம் கூட்டிப்போவார். ஸ்கேனில் கர்ப்பப்பை இருக்காது. குரோமோசோம், வழக்கமாக ஆண்களுக்கு இருப்பதுபோல, எக்ஸ்-ஒய் என்று வரும். ஆண்ட்ரோஜன் என்ற ஆண்தன்மை ஹார்மோனுக்கு அவள் உடல் செவிசாய்க்காததுதான் காரணம். இப்படிப் பிறந்தவர்களில் பெரும்பாலோர் தங்களைப் பெண்ணாகவே உணர்கிறார்கள். இதில் திருநங்கை எங்கே வந்தார்?

ஆங்கிலச் சொல்லுக்கு நூறு வயதுதான் ஆகிறது. ஜெர்மன் மரபியலாளர் ரிச்சர்டு கோல்ட்ஷ்மிட் ஐரோப்பிய, ஜப்பானிய அந்துப்பூச்சிகளைக் கலந்து வளர்த்தபோது ஆணும் பெண்ணும் கலந்த சாயலில் பூச்சிகள் பிறந்தன. அவற்றுக்கு வைத்த ‘இன்டர்செக்ஸ்’ என்ற பெயரை 1916 வாக்கில் ஆங்கிலத்திலும் எழுதினார். அதற்கு முன் இப்படிப் பிறந்த மனிதர்களையும் ‘ஹெர்மாஃப்ரடைட்’ என்றார்கள். அது இருபாலுயிரி, மண்புழுவுக்குப் பொருந்தும், மனிதருக்குப் பொருந்தாது.

நம்மிடம் பழைய சொற்கள் இல்லாமல் இல்லை. தொல்காப்பியம் ‘ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி’ என்று தனியாகவே விதி வைக்கிறது. பேடி, அலி என்பவையும் பழஞ்சொற்களே. ஆனால் அவை வசவாகிவிட்டன. போதாததற்கு உடலையும் உணர்வையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன.

இன்டர்செக்ஸுக்குத் தமிழில் இப்போது புழங்குவன மூன்று. ‘இடையிலிங்கம்’ தமிழ்க் காதில் வேறு எதையோ நினைவூட்டுகிறது. ‘இடைப்பாலினம்’ பரவலாக இருக்கிறது; எனக்கு அந்த ‘இனம்’தான் இடறுகிறது. பாலினம் என்றால் இன்று ஜென்டர், அதாவது சமூக அடையாளம். இங்கே பேச்சு உடலைப் பற்றியது. அதற்குப் ‘பால்’ போதும். வடபால், அறத்துப்பால் என்பதில் உள்ள அதே பால்தான், பகுதி என்று பொருள். ‘இடை’ என்றால் இங்குமில்லை அங்குமில்லை என்ற தொனியும் வந்துவிடுகிறது. ‘ஊடு’ அப்படியல்ல, உள்ளே ஓடுவது. ஊடுபயிர் என்று விவசாயி சொல்கிறாரே, அந்த ஊடு. அதனால் என் ஓட்டு ‘ஊடுபால்’ என்பதற்கே.

திருநங்கை வேறு, ஊடுபால் வேறு என்ற வேறுபாடு சட்டத்துக்கும் தேவைப்படுகிறது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரே தீர்ப்பில், திருநங்கையும் இந்துத் திருமணச் சட்டப்படி ‘மணமகள்’தான் என்றது, ஊடுபால் குழந்தைகளுக்குப் பால் திருத்த அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்கும்படி அரசுக்கும் உத்தரவிட்டது. ஆகஸ்டில் தமிழக அரசு தடை ஆணை பிறப்பித்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு.

ஆளைக் குறிக்க ‘ஊடுபாலர்’ என்று எழுதிப் பார்த்தேன். பாலர் பள்ளி மாதிரி ஒலித்தது. ‘ஊடுபால் நபர்’ என்றே இருக்கட்டும்.