'டிஸ்ட்ரிக்ட் நர்ஸ்': மாவட்டச் செவிலியர் அல்ல

'டிஸ்ட்ரிக்ட் நர்ஸ்' என்பதைப் பலர் 'மாவட்டச் செவிலியர்' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் மாவட்டத் தலைநகரில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் அதிகாரிதான் கண்முன் வருவார். இவரோ வீடு வீடாகப் போகிறவர்.

1859-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர வணிகர் வில்லியம் ராத்போனின் மனைவி நோயுற்று இறந்தார். அவரை வீட்டிலிருந்தே கவனித்துக்கொண்டவர் மேரி ராபின்சன் என்ற செவிலியர். வசதியான வீட்டுக்கே இந்தப் பணிவிடை இவ்வளவு ஆறுதல் என்றால் ஏழைக் குடும்பங்களுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிய ராத்போன், அவரையே சம்பளம் கொடுத்து ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். அங்கே கண்ட துயரம் தாளாமல் வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தவித்த மேரி, விடாமல் தொடர்ந்தார். பிறகு நகரத்தை 18 பகுதிகளாகப் பிரித்துச் செவிலியரை அமர்த்தினார்கள். அந்தப் பகுதிதான் 'டிஸ்ட்ரிக்ட்'. ஒருவர் நடந்தே சுற்றிவரக்கூடிய வட்டாரம்.

'நர்ஸ்' என்பதன் வேர், ஊட்டுதல், வளர்த்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல். முதலில் பாலூட்டி வளர்ப்பவளைக் குறித்தது. நம் 'செவிலி'யும் வளர்ப்புத்தாய்தான்! பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். 'அருளென்னும் அன்பீன் குழவி பொருளென்னும் செல்வச் செவிலியால் உண்டு' என்கிறது குறள் (757). அன்பு ஈன்ற அருள் என்ற பிள்ளையைச் செல்வம் என்ற செவிலி வளர்க்கிறாள். ஈழத்தில் வழங்கும் 'தாதி'யும் பாலூட்டும் தாயைக் குறித்த வடசொல்லின் வழி வந்ததே. மூன்று மொழிகள் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

வளர்ப்பவள் நோய் வரும்வரை காத்திருக்க மாட்டாள். வீட்டுக்கு வரும் செவிலியர், படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவரை மெல்லப் புரட்டிக் குதிகாலையும் இடுப்பையும் பார்ப்பார். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால், படுக்கைப்புண் தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியும். தோல் உடையும் முன்பே பக்கம் மாற்றிப் படுக்கவைக்கச் சொல்லித்தருவார். குழந்தையின் தடுப்பூசித் தேதி தவறியதும், மூடாத தண்ணீர்த் தொட்டியும் அவர் கண்ணில் படும். 'நோய்த்தடுப்பு' என்று அலுவலகத் தாள்களில் எழுதப்படுவது இதைத்தான்.

ஆகவே 'வட்டாரச் செவிலியர்' என்பதே என் தேர்வு. 'சமுதாயச் செவிலியர்' இன்னும் விரிந்த சொல். பள்ளியிலும் தொழிற்கூடத்திலும் பணிசெய்வோரையும் அது தழுவும். தமிழ்நாட்டின் 'கிராம சுகாதாரச் செவிலியர்' தாய்சேய் நலத்தையும் தடுப்பூசியையும் மையமாகக் கொண்ட தனிப் பதவி என்பதால் அதை இதற்கு ஈடாக்க முடியாது. வாசலில் நின்று அழைப்பவர்களுக்கு எல்லோருமே 'நர்ஸம்மா'தான்.