சொட்டுநிலை: கிரீஸுக்கு உருகுநிலை ஏன் பொருந்தாது

எண்ணூர் சாலையோரப் பட்டறைகளில் கன்டெய்னர் லாரியின் சக்கரத்தைக் கழற்றும்போது, பிரேக் டிரம்முக்குள் எண்ணெய் வழிந்திருந்தால், "கிரீஸ் உருகிடுச்சு" என்பார் மெக்கானிக். பேச்சில் அது குற்றமில்லை. ஆனால் அதைப் பின்பற்றி, கிரீஸ் விவரத்தாளில் காணும் 'டிராப்பிங் பாயின்ட்' என்பதை 'உருகுநிலை' என்று எழுதுவது பிழை. 'சொட்டுநிலை' என்பதே சரி.

'தடித்த, கொழுத்த' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லான 'கிராசுஸ்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'கிரீஸ்' ஆயிற்று. நம்மவர்கள் வைக்கோற்கரியை எண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு இட்டதை 'மை' என்றும் 'மசகு' என்றும் சொன்னார்கள். பாடநூல்களில் வரும் 'உயவு' என்பதற்குப் பழைய வழக்கில் வருத்தம் என்ற பொருளும் உண்டு; 'மசகு எண்ணெய்' என்றாலோ இலங்கைச் செய்திகளில் அது கச்சா எண்ணெய். பட்டறையில் வேரூன்றிவிட்ட 'கிரீஸ்' என்ற சொல்லைத் துரத்த வேண்டியதில்லை. தமிழ்ச்சொல் தேவைப்படும் இடத்தில் 'மசகுப் பசை' எனலாம்.

பசை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கிரீஸின் பெரும்பகுதி எண்ணெய். மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் இதற்கான அடிப்படை எண்ணெய் எடுக்கப்படுகிறது. அந்த எண்ணெயைப் பிடித்து நிறுத்துவது சோப்பு. ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறும் கொழுப்பு அமிலத்தையும் லித்தியம் ஹைட்ராக்சைடையும் எண்ணெயில் வினைபுரியவிட்டு, நீரை ஆவியாக்கி, சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் சோப்பு எண்ணெயில் கரைந்துவிடும். பிறகு குளிரும்போது அது நுண்ணிய இழைகளாகப் படிந்து, பஞ்சு நீரைத் தாங்குவதுபோல எண்ணெயைத் தாங்கும். எவ்வளவு வேகமாகக் குளிர்விக்கிறோம் என்பதைப் பொறுத்தே இழையின் நீளமும் கிரீஸின் இறுக்கமும் அமைகின்றன.

பனிக்கட்டிக்கு உள்ளது போன்ற ஒற்றை உருகுநிலை இத்தகைய கலவைக்கு இல்லை. சில மில்லிகிராம் கிரீஸை வெப்பப் பகுப்பாய்வுக் கருவியில் சூடேற்றினால், வரைபடத்தில் ஒரு முகடு அல்ல, சோப்பின் ஒவ்வொரு நிலைமாற்றத்துக்கும் ஒன்றாகப் பல முகடுகள் தோன்றலாம். சொட்டுநிலைச் சோதனை இவற்றைத் தேடுவதில்லை. அடியில் துளையுள்ள விரற்கடை அளவுக் கிண்ணத்தின் உட்சுவரில் கிரீஸைப் பூசி, அதில் படாதபடி நடுவே வெப்பமானியை நிறுத்திச் சூடேற்றுவார்கள். துளை வழியே முதல் சொட்டு கீழே விழும் வெப்பநிலையே சொட்டுநிலை. லித்தியம் கிரீஸுக்கு இது ஏறத்தாழ 190 டிகிரி. அதற்காக 190 டிகிரியில் பேரிங்கை ஓட்டலாம் என்று கொள்ளக் கூடாது. 120, 130 டிகிரிக்கு மேல் நீண்டநேரம் ஓடினாலே கனிம எண்ணெய் கெடத் தொடங்கும்.

கால்சியம் கிரீஸின் பழைய வகையில் சோப்பு இழைகளைக் கட்டிவைத்திருப்பது சிறிதளவு நீர். 100 டிகிரியை நெருங்கும்போது நீர் வெளியேற, கட்டு குலைந்து எண்ணெய் சொட்டும். இங்கே சோப்பு உருகவே இல்லை.

'துளிநிலை' என்றும் சொல்லலாமே எனக் கேட்கலாம். மழையிலும் பனியிலும் துளி உண்டு. விளிம்பைப் பற்றித் தொங்கி, மெல்லத் திரண்டு, பிறகு விழுவதே சொட்டு. சொட்டு மருந்தும் சொட்டு நீலமும் அந்தப் பொருளில்தான் வழங்குகின்றன.

களிமண்ணைக் கெட்டிப்பொருளாகக் கொண்ட கிரீஸுக்குச் சொட்டுநிலையே கிடைக்காது. அதை 'உருகாத கிரீஸ்' என்று விற்கிறார்கள். சூடு மிஞ்சினால் அதில் களிமண் அப்படியே நிற்கும், எண்ணெய் கருகிப்போகும்.