வலிப்புக்கு மிடசோலம்: பயந்து பாதி மருந்து போடுவதும் ஆபத்துதான்

ஐந்து நிமிடம் தாண்டியும் ஓயாத வலிப்பு, தானாக ஓயுமென்று காத்திருக்கக் கூடாது. வெட்டி வெட்டி இழுக்கும் கையில் நரம்பு தேடி நேரத்தைக் கரைக்கவும் வேண்டாம். தொடையின் வெளிப்பக்கத் தசையில், வலிப்பை நிறுத்தும் மருந்தான மிடசோலம் போடுங்கள்: 40 கிலோவுக்கு மேல் 10 மி.கி., 13 முதல் 40 கிலோ வரை 5 மி.கி., ஒரே ஊசியாக. 2012இல் வெளியான ராம்பார்ட் என்ற ஆம்புலன்ஸ் ஆய்வில் பயன்படுத்திய அளவு இது. கூடுதல் மருந்தில்லாமல் மருத்துவமனை வாசலுக்குள் வலிப்பு நின்றவர்கள் தசை ஊசியில் 73 சதவீதம், நரம்பு வழி போட்ட லோராசெபம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தில் 63. உள்ளே போனபின் நரம்பு வழி மருந்துதான் வேகம். ஆனால் நரம்பில் லைன் (ஊசிக்குழாய்) போடுவதிலேயே அந்த வேகம் போய்விடுகிறது.

மூச்சு நின்றுவிடுமோ என்று 2 மி.கி. போட்டுப் பார்ப்பவர்கள் நிறைய. 2001இல் வந்த ஆம்புலன்ஸ் ஆய்வு ஒன்றில் மூச்சு, ரத்த ஓட்டச் சிக்கல்கள் அதிகம் வந்தது, வலிப்பு மருந்து போட்டவர்களுக்கு அல்ல, மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு. ஓயாத வலிப்பே மூச்சை அடைக்கும்.

உண்மையான கண்ணி ஆம்பூலில், அதாவது மருந்து வரும் சிறு கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ளதும் உண்டு, 5 மி.கி. உள்ளதும் உண்டு. மயக்கத்துக்காக நரம்பில் 2 மி.கி. போட நினைத்து, செறிவானதில் 2 மி.லி. இழுத்தால் போவது 10 மி.கி. எனவே ‘ரெண்டு எம்.எல்.’ என்று சொல்லவே கூடாது. மில்லிகிராமில் சொல்லி, லேபிளைச் சத்தமாகப் படித்து, இன்னொருவரிடம் காட்டிவிட்டு இழுங்கள். தசை ஊசிக்கு 5 மி.கி. வகைதான், மற்றதில் 10 மி.கி.க்கு 10 மி.லி. ஆகிவிடும்.

மருந்து இழுக்கும்போதே விரல் நுனியில் சர்க்கரை பாருங்கள். சர்க்கரை தாழ்ந்து வந்த வலிப்புக்குக் குளுக்கோஸ்தான் மருந்து.

போட்டபின் நெஞ்சு ஏறி இறங்குவதிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். ஆக்சிஜன் ஓடும்போது, ரத்த ஆக்சிஜன் அளவு காட்டும் ஆக்சிமீட்டர் ரொம்ப நேரம் 98 காட்டிக்கொண்டே இருக்கும். மூச்சு குறைவதை, வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராபி முன்னதாகச் சொல்லும். கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையும், வாயிலுள்ள சளியை உறிஞ்சும் சக்ஷனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மதுவோ, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்தோ உள்ளே இருந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை. மூச்சு தளர்ந்தால் பையை அழுத்துங்கள். மிடசோலத்தின் மாற்று மருந்தான ஃப்ளூமசெனிலைத் தேடாதீர்கள், அது வலிப்பைத் திரும்பக் கிளப்பிவிடும்.

ஒப்படைக்கும்போது எந்த மருந்து, எத்தனை மி.கி., எந்த வழி, எத்தனை மணிக்கு என்பதை எழுதியே கொடுங்கள். வாயால் சொன்னது பரபரப்பில் காதில் விழாமல், உள்ளே இன்னொரு முழு டோஸ் ஏறிவிடும்.